பார்த்துச் சரி சொன்னவர்

காலையிலிருந்து ஹேமாவதிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. துடைக்கத் துணி எடுக்கப் போனவள் அந்தத் துணியோடு மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சனியன், சோதனையை எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்கள்தான்.

தீனா எழுதியது சின்ன மாற்றம். கணினியின் அடித்தளமான கெர்னலில், எந்தத் தகவலை எந்த அறையில் வைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு ஹேஷ் ஃபங்ஷன் உண்டு. அதில் ஒரு பெருக்கலைத் தூக்கிவிட்டான். வேகம் கூடியது, வாஸ்தவம்தான். ஆனால் அவன் சோதித்ததெல்லாம் குருட்டாம்போக்கில் எடுத்த எண்களை வைத்து. நிஜ மெஷினின் மெமரி முகவரிகளோ ஒரே மாதிரி பூஜ்யங்களில் முடிபவை. அவற்றைக் கொடுத்தால் எல்லாம் ஒரே அறையில் போய் அடைந்தன. மற்ற அறைகள் ஈயோட்டின. ஏதாவது தேடப்போனால் மெஷின் திணறிவிடும்.

அது அவன் தப்பு, சொல்லித் திருத்திவிடலாம். அவளை உறுத்தியது வேறு. மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி தீனா அனுப்பிய, ஊரே பார்க்கும் மெயிலின் கீழே, பார்த்துச் சரி சொன்னவர் ஹேமாவதி என்று இருந்தது. போன வாரம் ரயில் நெரிசலில் நின்றபோது தீனா போன் செய்தான். "உன் பேர் இருந்தா உடனே எடுத்துப்பாங்க ஹேமா." கல்லூரித் தோழன், வேலை போய் வீட்டிலிருப்பவன். இது கெர்னலில் ஏறினால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதாகக் கேளம்பாக்கத்துக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்பது அவர்கள் வட்டத்தில் நடப்பதுதான். திறந்துகூடப் பார்க்காமல் பேரைப் போட்டுவிட்டாள். இன்று மாலை, கெர்னலின் அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஜெர்மன்காரர் மாற்றத்தைச் சேர்த்துவிடுவார். ஹேமாவதி பார்த்ததென்றால் அவர் மறுபடி பார்ப்பதில்லை.

அவள் தேடிப் போனபோது தாம்பரம் ஸ்டேஷனில் தீனா பீச் வண்டிக்காக நின்றிருந்தான். "இன்டர்வியூக்கு சட்டை எடுக்கப் போறேன். நீயும் வாயேன், எனக்குக் கலரே பாக்கத் தெரியாது."

"தீனா, அது உடையுதுடா. நிஜ அட்ரஸ் குடுத்தா எல்லாம் ஒரே இடத்துல போய் நிக்குது. மழை பேஞ்சா முடிச்சூர் தண்ணியெல்லாம் எங்க தெருவுல வந்து நிக்குமே, அந்த மாதிரி."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீ பாத்துட்டுதானே பேர் போட்ட?"

என்ன பொய் சொன்னாலும் நம்பியிருப்பான், பாவி. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

"இல்லடா. பாக்கல."

"அன்னிக்கே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே ஹேமா. கம்பெனிக்கு லிங்க் அனுப்பிட்டேன். நீயே பாத்து ஓகே பண்ணதுன்னு பெருமையா வேற எழுதியிருக்கேன்."

"இது உடையுது, என் பேரை எடுத்துடுங்கன்னு அந்த ஜெர்மன்காரருக்கு மெயில் டைப் பண்ணி வெச்சிருக்கேன். பாக்காமதான் போட்டேன்னும் எழுதியிருக்கேன்."

"லூசா நீ? அதை எழுதினா இனிமே உன்னை எவன் நம்புவான்? அந்த வரியை எடு."

"எடுத்தா மொத்தப் பழியும் உன் தலையிலதான்டா விழும்."

வண்டி வந்து நின்றது. தீனா ஏறவில்லை. அவள் கையிலிருந்த போனை வாங்கி அந்த மெயிலைப் படிக்க ஆரம்பித்தான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திட்டிவிட்டும் போனார். படித்து முடித்த பிறகும் அவன் போனைத் திருப்பித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. வண்டி கிளம்பிப் போய் பிளாட்பாரம் காலியானபோதும், அவன் கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.