சிவப்புச் சீட்டு ஒட்டிய நாதஸ்வரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. என் கடைக்கு லேமினேஷனுக்கு வந்தது.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். (மீதி நேரம் என்று ஒன்று கிடையாது. 'அண்ணே, ஆதார் ரெண்டு காப்பி, அர்ஜென்ட்' என்று வருகிறவர்களுக்கு நடுவில்தான் எழுத்து நடக்கிறது. அதனால் சில வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு நாள் பகல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி மூன்று தாள்களை என் மேஜையில் வைத்தாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். மூன்றிலும் பாட்டு வரிசை, பக்கத்தில் எண்கள்.

"நீலமும் பச்சையும் லேமினேஷன்ணா. மஞ்சள் மட்டும் வெறும் ஜெராக்ஸ்."

"அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

"அது இன்னும் பர்மனென்ட் ஆவலண்ணா."

என் லேமினேஷன் மெஷின் பழசு. சூடாவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அதுவரை வந்தவரிடம் வாயைக் கொடுத்து வைப்பது என் வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்ததுதான் இந்தக் கதையின் பாதி.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எழிலரசியின் மனமும்...'

வேண்டாம். லாரி ஊர்ந்தால் மனமும் ஊர வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

இரண்டாம் முயற்சி: 'இசை என்பது...'

ஐயோ, சாமி. நீங்கள் படிப்பதற்கு முன் நானே ஓடிவிடுவேன்.

மூன்றாவது, தப்பிப் பிழைத்தது: எழிலரசியிடம் ஒரு கீபோர்டு இருந்தது. அவளுக்கு மூன்று குழுக்கள் இருந்தன.

ஞாயிறு காலையில் தண்டலம் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையின் பாடல் குழு. அதை நடத்துகிற தாவீது வாரநாளில் எலக்ட்ரீஷியன், ஞாயிறன்று கிட்டார். கோயில் விழா, கல்யாண வரவேற்பு என்றால் முனிரத்தினத்தின் மெல்லிசைக் குழு. வார லீவில் கொம்பையாவும் மகாராஜாவும். தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்கள். சொந்தமாகப் பாட்டு எழுதி மொட்டை மாடியில் கத்துவார்கள். மூன்று இடத்திலும் எழிலரசிதான் கீபோர்டு.

கீபோர்டில் வருகிற ஒவ்வொரு குரலுக்கும் டோன் என்று பெயர். ஒரு பட்டனைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் புல்லாங்குழல். நாமே திருத்திச் சேமித்துக்கொள்ளவும் கொஞ்சம் இடம் உண்டு. அந்தக் கொஞ்ச இடத்தில் மூன்று குழுவும் ஒட்டுக்குடித்தனம் நடத்தின. சபையில் எல்லாரும் கண்மூடி ஜெபிக்கிற நேரத்தில் ஒரு முறை தவில் முழங்கியது. பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஒரு வரவேற்பில் காதல் பாட்டு நடுவே மொட்டை மாடிப் பையன்களின் கத்தல் டோன் வந்துவிட, மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து சோறு துன்னலண்ணா. இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு உக்காந்துட்டேன்" என்றாள்.

3

வழியை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்பதுதான் கதை.

எழிலரசி வேலை செய்வது ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஸ்டோரில். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் கம்பெனி ஒரு தப்பும் செய்யவில்லை.) அங்கே ஒவ்வொரு மாடலின் பாகத்துக்கும் ஒரு நிறத் தட்டு. ஒரு மாடலின் திருகாணி இன்னொரு மாடலின் தட்டில் விழுந்தால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் குதிப்பார். கலக்கக் கூடாது, அதுதான் முதல் பாடம். அதையே கீபோர்டுக்குப் போட்டாள். சபைக்கு நீலம், பையன்களுக்குப் பச்சை, முனிரத்தினத்துக்கு மஞ்சள். பட்டன்கள் மேல் நிற டேப், பாட்டு வரிசையும் அதே நிறத் தாளில். எந்த டோனும் எல்லை தாண்டாது.

பிரமாதமாக வேலை செய்தது. தாவீது கைதட்டினார். எதற்கும் சட்டென்று பாராட்டாத முனிரத்தினம்கூட, "பரவால்லியே பொண்ணு, தேறிட்டே" என்றாராம். அத்தோடு நிற்கவில்லை. "வல்லக்கோட்டை ஆடிக் கிருத்திகைக் கச்சேரி சுத்தமா முடியட்டும். அப்புறம் நீதான் நம்ம குழுவுக்குப் பர்மனென்ட் கீபோர்டு. போஸ்டர்ல உன் பேர் வரும். அன்னிக்கு இந்த மஞ்சள் பேப்பருக்கு லேமினேஷன் போட்டுக்கோ."

இதுவரை போஸ்டரில் அவள் 'மற்றும் குழுவினர்'. கம்பெனியில் அவள் காண்ட்ராக்ட். புதுப்பிக்கிறார்கள், மறுபடி புதுப்பிக்கிறார்கள், அந்த ஒரு சொல் மட்டும் வந்தபாடில்லை. அது கடைசியில் முனிரத்தினத்தின் வாயிலிருந்து வந்திருக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. காண்ட்ராக்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

4

இப்போது தப்பு.

ஸ்டோரில் இன்னொரு பாடமும் உண்டு. ஒரு மாதமாக யாரும் தொடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். கேட்பார் இல்லையென்றால் அது ஸ்கிராப்புக்குப் போகும். இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருப்பது அங்கே குற்றம். கீபோர்டில் இடம் போதவில்லை. பையன்கள் புதுப் பாட்டு வேறு எழுதிவிட்டார்கள். எழிலரசி உட்கார்ந்து, சமீபத்தில் தொடாத டோன்களை எல்லாம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழித்தாள். அழித்த பிறகு கீபோர்டைத் துணியால் துடைத்தும் வைத்தாளாம்.

அழிந்ததில் ஒன்று முனிரத்தினத்தின் நாதஸ்வரம்.

ஸ்டோரில் மாதம் என்றால் மாதம். கோயிலுக்கு வருஷம். அந்த டோன் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஆடிக் கிருத்திகை மேடையில், முதல் பாட்டின் தொடக்கத்தில்தான் வரும். பக்கத்தில் நின்று, 'இன்னும் கொஞ்சம் கரகரப்பு, இன்னும் கொஞ்சம்' என்று சொல்லிச் சொல்லி முனிரத்தினமே அவளிடம் செய்து வாங்கியது. வேறெங்கும் நகல் இல்லை.

* கீபோர்டு தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார்: 'கீபோர்டிலேயே ஒரு ஷெனாய் இருக்குமே, அதை அழிக்க முடியாதே?' இருக்கிறது, ஐயா. அதை முனிரத்தினம் கேட்டால், 'கல்யாண வீடியோவுக்குப் போடு' என்பார். கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

5

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், மொட்டை மாடியில் பயிற்சிக்கு நடுவே சும்மா வாசித்துப் பார்க்கலாம் என்று மஞ்சள் பட்டனைத் தட்டியபோதுதான் நாதஸ்வரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று இரவே எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். நான் இப்படி எழுதியிருந்தேன்: 'அவள் கண்களில் நீர் பெருகியது.'

அடுத்த நாள் கடைக்கு வந்தவள் அதைப் படித்துவிட்டு முறைத்தாள்.

"நான் எப்பண்ணா அழுதேன்?"

"அழலையா?"

"வாந்தி வந்துச்சு. அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

அவளைச் சமாதானம் செய்ய, சில முடிவுகளை எடுத்துக் காட்டினேன். பழைய பென் டிரைவ் ஒன்றில் நகல் கிடைக்கிறது என்றேன். "இருந்தா நான் ஏன் இங்க நின்னுகினு உங்க கதைய படிக்கப் போறேன்?" கோயில் நாதஸ்வரக்காரரே மேடையேறுகிறார் என்றேன். "அவருக்குச் சாமி புறப்பாடு கீதுண்ணா. அத விட்டுட்டு நம்ம கச்சேரிக்கு ஓடியாருவாரா?" முனிரத்தினத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாய் என்றேன்.

"திட்டுவாரு. அது பரவால்ல. ஆளை மாத்திடுவாரு" என்றாள் கடைசியில்.

(முனிரத்தினத்தை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். மீசையெல்லாம் பெரிதாக்கினேன். அதே வாரம் போஸ்டர் நகல் எடுக்க வந்தவர், எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணு வாசிக்கிறத கேட்டுகிறியா? இன்னா கை!" என்கிறார். வில்லன் வேலைக்கு ஆள் ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

6

அன்று மாலையே அவளுடன் நானும் மொட்டை மாடிக்குப் போனேன். கதைக்காகத்தான், வேறென்ன. கொடியில் யூனிஃபார்ம்கள் காய்ந்தன. கொம்பையா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எழிலரசி அந்த ஷெனாயைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். ஒவ்வொரு முறையும் வீடியோக் கல்யாணம்தான் வந்தது.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய" என்றான் கொம்பையா. "நம்ம கத்தல் டோன் இருக்குல்லா? அதுல ஒரு சொட்டு எடுத்து இதுக்கு மேல விட்டுப் பாருங்க. கரகரப்பு தன்னால வரும்."

"அது பச்சைடா."

"பச்சைன்னா?"

"கலக்கக் கூடாது."

"யக்கா, இது லைனு இல்ல. மொட்டை மாடி" என்றான் மகாராஜா.

எழிலரசி டேப் ஒட்டிய பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப ஒரு ஷிஃப்ட் வேலை செய்தவள்போல் களைத்துத் தெரிந்தாள். பிறகு பச்சைப் பட்டனைத் தட்டி, கத்தலில் கொஞ்சம் எடுத்து ஷெனாய் மேல் போட்டாள். கரகரப்பு வந்தது. ஆனால் காது கூசியது. அடியில் மூச்சு இல்லை என்றாள். சபையில் நற்கருணை நேரத்துக்கு ஓபோ என்று ஒரு குழல் டோன் வைத்திருக்கிறாள். அதில் மூச்சு இருக்கிறது. தாவீதுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னா எழிலு, முருகனுக்கு நம்ம ஓபோவா?" என்று சிரித்தார் தாவீது. நாங்கள் எல்லாரும் போனைப் பார்த்தோம்.

"எடுத்துக்கோ. ஆனா ஞாயித்துக்கெயம காலைல என் டோன் என் எடத்துல இருக்கணும். போன தபா மாதிரி தவில் கிவில் வந்துச்சு, பாஸ்டர் ரெண்டு கண்ணையும் தொறந்துடுவாரு."

நீலத்தை அடியில் போட்டாள், நடுவில் ஷெனாய், மேலே பச்சையில் ஒரு சொட்டு. இடது கையால் கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற சக்கரத்தைத் திருப்பிச் சுரத்தை வளைத்தாள். எனக்கு இசை தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்: கீழே தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு போன பலாப்பழக்காரர் நின்று, எந்த வீட்டில் விசேஷம் என்று அண்ணாந்து பார்த்தார்.

"இது அவரோட நாதஸ்வரம் இல்லண்ணா" என்றாள் எழிலரசி. "ஆனா நாதஸ்வரந்தான்."

7

வல்லக்கோட்டையில் கூட்டம் எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். காவடியும் மஞ்சள் சேலையும் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நான் கூட்டத்தில் நடுவரிசையில் நின்றேன். மேடையில் எழிலரசி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முனிரத்தினம் மைக் முன்னால் கண்ணை மூடி நின்றார். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வளைவிலேயே முனிரத்தினம் கண்ணைத் திறந்தார். மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை, வாசித்துக்கொண்டே போனாள். முன்வரிசையில் காவடி எடுத்துவந்த ஒருவர், தோளிலிருந்து அப்போதுதான் இறக்கியதை மறுபடி தூக்கிக்கொண்டார். முனிரத்தினம் மைக் பக்கம் திரும்பி, எடுக்க வேண்டிய இடத்தில் பாட்டை எடுத்தார்.

கச்சேரி சுத்தமாக முடிந்தது. இத்தோடு நிறுத்தினால் சுபம். ஆனால் இவள் நிறுத்த விட்டாளா?

8

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். கையில் மஞ்சள் தாள், சுருட்டியபடி.

"சொல்லிட்டேண்ணா."

"எத?"

"எல்லாத்தையும். அழிச்சத, கலந்தத, அதுல யார் யார் டோன் கீதுன்றத. கச்சேரி முடிஞ்சு ஒயர் சுத்திகினு இருந்தாரு, அப்ப சொன்னேன்."

"உனக்குக் கிறுக்கா? நல்லாத்தானே முடிஞ்சுது? எதுக்குச் சொன்னே?"

"அடுத்த வருசமும் நாந்தான வாசிக்கணும். அத மறைச்சிகினு எப்டிண்ணா அவர் பக்கத்துல நிக்கறது?"

"சரி, அதுக்கு அவர் என்ன—"

"அண்ணே, ஆதார் ரெண்டு காப்பி. அர்ஜென்ட்."

பாருங்கள், நான்தான் முதலிலேயே சொன்னேனே. வந்த ஆளுக்கு நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன். எழிலரசி மஞ்சள் தாளை மேஜையில் விரித்து, சுருண்டுகொள்கிற மூலைகளை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெராக்ஸா, லேமினேஷனா என்று இன்னும் சொல்லவில்லை.

முனிரத்தினம் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவரை என் கடையிலும் மேடையிலும் பார்த்துவிட்டீர்கள், இவளையும் பார்த்துவிட்டீர்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது.

என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் சொல்வதற்கு முன்பே நான் லேமினேஷன் மெஷினைப் போட்டுவிட்டேன். அது சூடாகிக்கொண்டிருக்கிறது. எழிலரசி அதைப் பார்த்தாள். அணைக்கச் சொல்லவில்லை.