வேம்படியில் ஒரு இலை

குடுமியான்மலைக்கு வடக்கே காரைப் புதர்க்காட்டில், சண்டைக் காலத்தில் ஒரு விமானம் விழுந்தது. ஊரே திரண்டுபோய் உச்சுக்கொட்டியது. ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பையனின் உடலை மிலிட்டரி லாரி ஏற்றிப்போன மறுவாரமே, அதே ஊர் கோழிக்கூண்டுக்கும் கூரைக்கும் தகடு கழற்றிக்கொண்டது. துக்கம் வேறு, தகடு வேறு. வெள்ளைக்காரனும் போய், மகாராசா ஆட்சியும் போய், மிச்சக் கூடு மட்டும் காட்டிலேயே கிடந்தது. அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இருக்கையைக் கரையான் தின்றுவிட, அந்த இடத்தில் ஒரு வேம்பு முளைத்து மேலே வந்திருந்தது.

வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு அந்த வேம்படியில் செங்கமலம் ஒரு புரச இலை விரித்துச் சோறு வைப்பாள். அவள் புருசன் ரத்தினவேல் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவன். ஆளும் வரவில்லை, தாக்கல் தகவலும் வரவில்லை. கருமாதி செய்து தாலியை இறக்கச் சொல்லி உறவு முழுக்க நச்சரித்தது. அவர் வருவார் என்று ஒரே பிடியாக நின்றாள். எவளோ பெற்ற பிள்ளைக்குத் தான் இங்கே ஒரு வாய் சோறு வைத்தால், அங்கே தன் புருசனுக்கு எவளாவது ஒரு வாய் தண்ணீர் கொடுப்பாள் என்று நம்பினாள்.

இந்த ஆடி அமாவாசையில் பழைய இரும்பு வியாபாரி சோலையப்பன் கூட்டை ஏலத்தில் எடுத்து, வண்டியும் கோடாரியுமாக வந்துவிட்டான். செங்கமலம் சோற்றுப்பானையோடு குறுக்கே நின்றாள். சேதி கேட்டு ஓடிவந்த கொழுந்தன் வெள்ளைச்சாமி அவளைத் தனியே அழைத்துப்போனான்.

"மதினி, ரொம்ப நாளா மனசுல கெடக்கு, கேட்டுடுறேன். உசுரோட இருக்கிறவருக்கு வேண்டுறதுன்னா கோயிலுக்குல்ல போவீங்க. அமாவாசையாப் பாத்து, செத்தவன்கிட்ட ஏன் வாறீங்க?"

அவளுக்குக் கோபம் பொங்கியது. திட்ட வாயைத் திறந்தவள், ரத்தினவேலுக்காகக் கோயிலில் கடைசியாக எப்போது விளக்கேற்றினோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருசமாக அழாத அழுகை அது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டை எடுத்துக்கொள்ளலாம், மரத்தை மட்டும் தொடவேண்டாம் என்று சோலையப்பனிடம் சொன்னாள். படைத்து முடிக்கும்வரை காத்திருப்பதாக அவனும் சொல்லிவிட்டு மாடுகளை நிழலுக்கு ஓட்டிப்போனான்.

செங்கமலம் வேம்படியைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். இலையை விரித்து அந்தப் பையனுக்குச் சோறு வைத்தாள். பானையில் பாதி மீதம் இருந்தது. கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, இன்னொரு எலை பறிச்சுட்டு வாங்க."