மூன்றாவது உருளை

"கைய அசைக்காதீங்க தங்கச்சி. மூச்ச மட்டும் விடுங்க."

றஸீன் பையைத் திறந்தான். கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பறையில் நிஷாந்தினி முழங்காலில் நின்றாள். அவளுடைய வலது கை, பழைய சூதாட்ட மெஷினில் காசு கொட்டும் வாய்க்குள் மாட்டியிருந்தது. உள்ளே ஒரு தகடு நான்கு விரல்களையும் கவ்விப் பிடித்திருந்தது.

காசைப் போட்டுக் கைபிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுற்றும். மூன்றிலும் ஒரே படம் நின்றால் காசு கொட்டும். அதில் காசு அடிக்கடி சிக்குகிறது, வந்து திருத்து என்று ஹோட்டல் முதலாளி பஸ்தியான் போன கிழமையே தொலைபேசியில் அழைத்திருந்தார். பாலாவியில் தராசும் தையல் மெஷினும் திருத்துகிற றஸீன் மறுத்துவிட்டான். "சூது ஹராம் முதலாளி, நான் தொடமாட்டன்."

இன்றைக்கு ஒரு விருந்தாளி போட்ட காசு நடுவில் சிக்கி, மெஷின் பாதி ஓட்டத்தில் நின்றது. "உன்ர கைதான் சின்னன், விட்டு எடு" என்று துப்புரவு வேலை செய்யும் நிஷாந்தினியிடம் சொன்னவர் பஸ்தியான்தான்.

"ஹராமெண்டு டெலிபோன வச்சவன், கை மாட்டிச்செண்டதும் பறந்து வந்திருக்கிறாய்?" என்றார் அவர்.

"மெஷினுக்கு வரல்ல. கைக்கு வந்தன்."

"கிறைண்டர் எடுத்துவர ஆள் போயிருக்கு. தகட்ட வெட்டிப் போடுவம்."

"வேணாம். அதிர்ந்தா ஸ்பிரிங் விட்டிரும். விட்டா விரல் நாலும் போயிரும்."

நிஷாந்தினியின் உதடு வெளுத்தது.

றஸீன் மெஷினின் பின்கதவைக் கழற்றினான். டோர்ச் அடித்தவன் முகம் சுளித்தான். "இதுக்குள்ள ஆரு கிறீஸ் அப்பினது?"

"நான்தான். உப்புக்காத்துக்கு இரும்பு நிக்குமா? என்ர போட் எஞ்சினெல்லாம் அப்பிடித்தான் வச்சிருக்கிறன்."

"போட் எஞ்சினுக்குச் சரி. காசு போற வழி காஞ்சு இரிக்கணும் முதலாளி. தன்ட பாரத்துல வழுக்கி விழணும் அது. இங்க பாருங்க, மணலும் கிறீஸும் களியாகிக் காசக் குறுக்கால நிப்பாட்டி இரிக்கி."

உள்ளே 'டிக்' என்றது. காசு களியில் மெல்ல நழுவியது. தகடு ஒரு நூல் இறுகியது. நிஷாந்தினி பல்லைக் கடித்தாள்.

காசு தானாக விழுந்துவிட்டால் எதுவும் தன் கையில் இல்லை என்பது றஸீனுக்குப் புரிந்தது. முன்பக்கம் எட்டிப் பார்த்தான். முதல் உருளையில் மணிப் படம். இரண்டாவதிலும் மணி. மூன்றாவது எந்தப் படத்திலும் நிற்காமல் இடையில் சிக்கியிருந்தது.

"தங்கச்சி, உள்ளத சொல்றன். காச எடுத்தா மெஷின் ஓடி முடியும். மூணாவதுலயும் மணி விழுந்தா, காசு கொட்டுறதுக்குத் தகடு முன்னால தள்ளும். வேற எது விழுந்தாலும் பின்னால போயிரும்."

"அப்ப நான் தோக்கவேணும்."

"ஓம்."

"அது எனக்குப் பழக்கம்தான் றஸீன் நானா. எடுங்கோ."

"மூண்டு மணியெண்டா முதல் பரிசு..." என்று தொடங்கிய பஸ்தியான், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடினார்.

மணிக்குத் திரும்பாமல் தடுக்க, றஸீன் மூன்றாவது உருளையின் விளிம்பைப் பெருவிரலால் அழுத்தினான். கிறீஸில் விரல் வழுக்கியது. உள்ளே மறுபடியும் 'டிக்'. இம்முறை அவள் கத்தியே விட்டாள்.

"குசினியில இருந்து கோதுமை மா! ஓடுங்க!"

முதலாளி தன் வயதுக்கு மீறி ஓடினார். றஸீன் மாவை அள்ளி உருளையிலும் தன் விரலிலும் அப்பினான். "அவட முழங்கையப் புடிங்க. நான் சொல்லுமட்டும் இழுக்க வேணாம்."

"பிஸ்மில்லாஹ்" என்று குறட்டால் காசின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அது வந்த கணத்தில் ஸ்பிரிங் உறுமியது. உருளை அவன் விரலின் தோலை உரித்துக்கொண்டு திரும்பியது. கண்ணாடியில் எலுமிச்சை போனது. அடுத்து மணியின் மேல்விளிம்பு ஏறியது.

அவன் தோளைக் கொடுத்து முழுப் பாரத்தையும் விரலில் இறக்கினான். மணி முக்கால்வாசி வந்து, நடுங்கி, கீழே இறங்கியது. எலுமிச்சை திரும்பி வந்தது. உருளையை நிறுத்தும் கொக்கி விழுந்தது.

தகடு பின்னால் போனது.

"இழுங்க!"

கை வெளியே வந்தது. விரல்கள் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தன. நான்கும் இருந்தன.

"மடக்கிப் பாருங்க" என்றான் றஸீன்.

ஒவ்வொன்றாக மடக்கினாள். சின்னவிரல் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பஸ்தியான் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவர் பார்வை மெஷினுக்குத் திரும்பியது. "ஓடி முடிஞ்சிட்டுது, என்ன? அப்ப இப்ப வேலை செய்யும்." குனிந்து, றஸீன் கீழே போட்ட காசை எடுத்தார். "சும்மா ஒருக்கா இழுத்துப் பாப்பம்."

நிஷாந்தினி இடதுகையை நீட்டி அந்தக் காசை அவர் விரலிடுக்கிலிருந்து பிடுங்கினாள். ஜன்னலுக்கு வெளியே மணலில் எறிந்தாள்.

"வான் திறப்ப எடுங்கோ முதலாளி," என்று சுவரில் தொங்கிய வாகனச் சாவியைக் காட்டினாள். "ஆஸ்பத்திரிக்கு. நீங்கதான் ஓட்டுறீங்க."