வலப்பாதிக் கண்ணாடி

நார்வேயின் வடகோடியில் உள்ள ட்ரோம்சோவில் அந்த ஜனவரி முழுக்க சீவர்ட்டின் மின்காரில், முன்கண்ணாடிக்குச் சூடான காற்று ஊதும் விசிறி ஓடவில்லை. ஆனாலும் காலை ஆறு நாற்பதுக்கு அவன் இறங்கி வரும்போது முன்கண்ணாடியின் வலப்பாதியில் மட்டும் பனிக்கட்டி இருக்காது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; வலப்பக்கம் அவன் மனைவி ராக்னா உட்காரும் பக்கம். அவள் இறந்து மூன்று மாதமாகிறது. தினமும் அந்த நேரத்துக்குக் கார் தானாகச் சூடாகும்படி குறித்து வைத்தவள் அவள்தான். அதை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பட்டறையில் மெக்கானிக் தூருன் விசிறியைக் கழற்றி வெளியே எடுத்தாள்.

“மோட்டார் கருகிப்போச்சுப்பா. இது சுத்தி மாசக்கணக்காகுது.”

“தினமும் பாதிக் கண்ணாடி உருகியிருக்கே.”

“பக்கத்து வீட்டுக்காரர் சுரண்டி விடுறாரோ என்னவோ.”

“அவரா? தன் கார்லயே ரோடு தெரியுற அளவுக்குத்தான் சுரண்டுவாரு.”

தூருன் சிரித்தாள். “காலையில சூடாக்குற நேரத்தையும் அழிச்சிட்டேன். விசிறி இல்லாம அது எதுக்கு? புதுசு வியாழக்கிழமை வந்துடும். அதுவரைக்கும் நீயே சுரண்டு.”

சீவர்ட் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலை சுரண்டியோடு இறங்கினான். வலப்பாதி துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

பட்டறை திறந்ததும் தூருனுக்குப் போன் செய்தான்.

“விசிறி வேண்டாம்.”

“ஏம்ப்பா, குளிர்ல விறைச்சுப் போயிடுவே.”

“புதுசு போட்டா, அதுதான் உருக்குதுன்னு ஆயிடும்.”

அதற்கடுத்த நாள் காலை வலக்கதவைத் திறந்து பிடித்தபடி, ஒருவர் ஏறி உட்காரும் நேரம் நின்றான். பிறகு கதவை மெல்ல மூடிவிட்டு, தன் பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினான்.