உப்பின் சத்தம்

மின்சாரம் கடத்துகிறதா என்று சோதிக்கும் கருவியில், பல்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு பஸ்ஸர் இருந்தது. வேதியியல் டீச்சர் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். ரேடியோ ரிப்பேர் செய்யும் தம்பி பற்றவைத்துக் கொடுத்தது. “பல்பு எரிஞ்சா எனக்கென்ன தெரியப்போகுது? கத்துற மாதிரி ஒண்ணு வச்சுக் கொடுடா” என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

அவளுக்குப் பார்வை முழுதாகப் போய் எட்டு மாதம். நூலகத்துக்கு மாற்றிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். “ஒரே ஒரு வகுப்பு வந்து உக்காருங்க சார். அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று இவள் சொன்னாள். இன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

“உப்புக் கரைசல்ல மின்சாரம் போகும். கேளுங்க” என்று இரண்டு கம்பிகளையும் முதல் பீக்கரில் விட்டாள்.

சத்தமே இல்லை. நடு வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“நான் பாக்கறேம்மா” என்று ஆய்வக உதவியாளர் கிட்டே வந்தார்.

“இருங்கண்ணே.” கம்பியை எடுத்துவிட்டு விரலை உள்ளே விட்டாள். மணல் போல நெறுநெறுத்தது. தண்ணீர் ஊற்ற அவர் மறந்திருந்தார். வாய்விட்டுச் சொன்னால் அவருக்குத் திட்டு விழும். சொல்லாவிட்டால் குருட்டு டீச்சருக்குத் தெரியவில்லை என்றாகும். காது மடல் சுட்டது.

“தண்ணி இருக்கான்னு நான் தொட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. ஆனா நல்லதாப் போச்சு. உப்பு இருந்தும் ஏன் கத்தல?”

பீக்கரை வகுப்புக்கு உயர்த்திக் காட்டினாள்.

“சோடியம் தன்னோட எலெக்ட்ரான் ஒண்ணைக் குளோரினுக்குக் கொடுத்துடுச்சு. அது பிளஸ், இது மைனஸ். ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சு வரிசையா நிக்குதுங்க, அசைய முடியாது. அயனிப் பிணைப்பு. அண்ணே, ஊத்துங்க.”

கரண்டியால் கலக்கி, கம்பிகளை மறுபடி விட்டாள். பஸ்ஸர் அலறியது. முன் பெஞ்சுப் பெண் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டாள்.

“பிடி விட்டாச்சு, இப்ப நகருதுங்க.”

அடுத்தது சர்க்கரைத் தண்ணீர். இந்த முறை முதலில் தொட்டுப் பார்த்தாள். கம்பியை விட்டதும் அமைதி.

“இதுல கொடுக்கல் இல்ல. எலெக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிச்சு, சகப்பிணைப்பு. கரைஞ்சாலும் பிளஸ் மைனஸாப் பிரியாம, மூலக்கூறு முழுசாத்தான் சுத்தும்.”

கடைசி பெஞ்சு நகர்ந்தது. தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் மெல்ல வாசலை நோக்கிப் போனது. அவள் திரும்பவில்லை.

“வினிகர் கத்துமா டீச்சர்?” என்றான் ஒருவன்.

அவள் தயார் செய்து வராத கேள்வி. “கொண்டு வாங்கண்ணே, கேட்டுடுவோம்.”

கம்பிகள் இறங்கின. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்து வண்டு போல, இருக்கிறதா இல்லையா என்று ஒரு முனகல். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே போகவிருந்த செருப்புச் சத்தம் வாசலிலேயே நின்றுவிட்டது.