ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பச்சை

நான்கு நாளாக அந்தச் சமையலறைச் சுவரில் ஐந்து கட்டங்கள் இருந்தன: மஞ்சள், வெளிர் நீலம், ரோஜா, சாம்பல், பாலாடை வெள்ளை. ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்கு அடித்துக் காட்டியே பெயிண்டர் அலுத்துப்போனார். வீட்டுக்காரிக்கு எதுவும் பிடிக்கவில்லை. பிடித்தது ஒரே ஒரு நிறம். அது அவளுடைய ஓரகத்தி வீட்டுச் சமையலறையில் இருந்தது.

"அந்தப் பச்சையையே அடிச்சிடலாமேம்மா? அங்க அடிச்சதும் நான்தானே."

"அவளைப் பார்த்து இவளும் அடிச்சாள்னு நாலு பேர் பேசவா? வேலையைப் பாருங்க."

பொறாமை என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பின்னே இதற்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

போன மாதம் அந்த ஓரகத்தி, இளையவள், புதுப் பெயிண்ட் அடித்த கையோடு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற இவள் வீட்டுக்காரர், அன்று காபி டம்ளரோடு அந்தச் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இங்க நின்னா என்னமோ சொந்த வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அப்போ நான் பத்தொன்பது வருஷமா ஆக்கிப் போட்டது எங்கே, சத்திரத்திலா? அன்று இரவு முழுக்கப் புரண்டு படுத்தாள். அந்த ஒரு வார்த்தையை இந்த வீட்டுச் சமையலறையில் நின்று அவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

"முதல்ல ஃப்ரிட்ஜை நகர்த்திச் சுவரைத் தேய்ச்சிடறேன். கலரை அப்புறம் சொல்லுங்க" என்று பெயிண்டர் அதைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஃப்ரிட்ஜ் மறைத்திருந்த இடத்தில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அண்டாமல், ஆளுயரத்துக்குப் பளிச்சென்று ஒரு பச்சை. இளையவள் வீட்டுப் பச்சையேதான். அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுரண்டிய தடம்.

"அடடா! இதுதானா விஷயம்? அந்த வீட்டம்மா ஒரு பெயிண்ட் செதிலைக் காகிதத்துல மடிச்சுக் கொண்டுவந்தாங்கம்மா. இதே மாதிரி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. கடை மெஷின்ல வெச்சுத்தான் அந்தக் கலரை எடுத்தோம்."

இவள் அப்போதே போனை எடுத்தாள்.

"ஏண்டி, என் வீட்டுச் சுவரைச் சுரண்டினியா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ உங்க ஃப்ரிட்ஜை ரிப்பேருக்குக் கொடுத்தோமே, அன்னிக்குக்கா. கோபப்படாதீங்க. கல்யாணமாகி வந்ததிலிருந்து உங்க கொழுந்தனார், 'எங்க அண்ணி கிச்சன் மாதிரி வருமா'ன்னு சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்னுட்டார். எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

தெரியாதா? இவளை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்! முதலில் உச்சி குளிர்ந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்தப் பச்சையை அடித்ததே இவள் வீட்டுக்காரர்தான். மூக்கில் பெயிண்டோடு நின்றவரைப் பார்த்து இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மற்ற இடத்திலெல்லாம் நிறம் புகையில் வருஷத்துக்குக் கொஞ்சமாக மங்கியது. இவள் மறந்தே போனாள். அந்த மனிதர் மறக்கவில்லை. ஓரகத்தி வீட்டில் நின்றுகொண்டும் இவள் சமையலறையில்தான் நின்றிருக்கிறார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சுரண்டினதுதான் சுரண்டினே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று போனை வைத்தாள்.

"அப்போ பச்சைதானேம்மா?" என்றார் பெயிண்டர்.

"பச்சைதான். கிச்சன் பூரா அடிங்க. இந்தச் சுவர்ல இந்த இடத்தை மட்டும் தொடாதீங்க."

"சுரண்டின தழும்பு தெரியுமேம்மா."

"தெரியட்டும். ஃப்ரிட்ஜை அந்தப் பக்கம் போடுங்க. அடுத்த வாரம் அவளைச் சாப்பிடக் கூப்பிடப்போறேன்."