மிகைக் களிப்பு

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் உலகத்திலேயே என் அம்மாவாகத்தான் இருக்கும். காரணம், அதைத் தமிழில் எழுதுவது நான். மருந்துக் கம்பெனிக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வயிற்றுப்போக்கு மாத்திரைத் தாளைக்கூட "என் பொண்ணு எழுதினது" என்று பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்தவள் அவள்.

அந்தப் பெருமையே இப்போது வினையாக வந்து நின்றது. அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனி வலியைக் குறைப்பது மட்டும்தான் வைத்தியம் என்று டாக்டர் ஒரு திரவ மருந்து எழுதிக் கொடுத்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விரித்தாள். 'இது போதைப்பொருள் வகையைச் சேர்ந்தது. சிலருக்கு மிகைக் களிப்பு உண்டாகலாம்.' இரண்டு வரியும் என் கைவண்ணம்.

"எனக்கு வேணாம்" என்று தாளை மடித்து வைத்துவிட்டாள். போர்வை உரசினாலே பல்லைக் கடிக்கிறவள்.

தம்பி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். "பால்ல கலந்து குடுத்துடலாம்க்கா. அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

"செருப்பு பிஞ்சிடும்" என்றேன். அவளைக் கேட்காமலேதான் அவள் வாழ்க்கையில் எல்லாம் நடந்தது. இந்த மருந்தாவது அவள் சம்மதத்தோடு உள்ளே போகட்டும்.

நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "மிகைக் களிப்புன்னா என்னன்னு நினைச்சே?"

"உங்கப்பா" என்றாள்.

அப்பா இறந்து வெகு நாளாகிறது.

"களிப்பாத்தானே வீட்டுக்கு வருவாரு? சிரிச்சுக்கிட்டே வந்து, சிரிச்சுக்கிட்டே அடிப்பாரு. பாவம், அவரா அடிச்சாரு? போதை அடிச்சுது. அதை நானும் குடிச்சுட்டு உங்க ரெண்டு பேரையும் ஏதாவது பண்ணிட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகிழ்ச்சி போதாது, பரவசம் சாமி சமாசாரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தேடிப் பிடித்துப் போட்ட வார்த்தை அது. அதற்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று நான் யோசிக்கவே இல்லை.

"மனசு லேசாகலாம்னு அர்த்தம்மா. அவ்வளவுதான். டாக்டர் சொன்ன அளவுல குடிச்சா வலி குறையும், தூக்கம் வரும். நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். உன் வாயிலேர்ந்து ஒரு தப்பு வார்த்தை வந்தாலும் பாட்டிலை நானே சாக்கடையில ஊத்திடறேன்."

"அடிச்சுட்டேன்னா?"

"திருப்பி அடிப்பேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. அது அடங்கும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு, "ஊத்து" என்றாள்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். "கசக்குது. இதுலயா களிப்பு?" கொஞ்ச நேரத்தில் நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிப்போனாள். தம்பி எட்டிப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினேன். சொன்ன சொல்படி நாற்காலியை விட்டு நான் நகரவில்லை.

சாயங்காலம் கண் விழித்தாள். "ஏதாவது பேசினேனா?"

"குறட்டைதான். தம்பி டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சான்."

"யாரையாவது அடிச்சேனா?"

"இல்லம்மா."

"உடம்பு, மனசு எல்லாம் லேசா இருந்துச்சு. யாரையும் அடிக்கணும்னு தோணவே இல்லையே!"

பிறகு, யார் உதவியும் இல்லாமல் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அப்போ, அடிச்சது அவருதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஆமாம்மா" என்றேன்.

"அடுத்த வேளை மருந்துக்கு நான் தூங்கிட்டா எழுப்பிடு" என்றாள்.